களைச்செடியில் நகை கண்ட வாத்தியார்!
கண்காட்சிக்கு வந்த பாடப் படங்கள்

நகைப் பட்டறையில் போய், "புது டிசைன் வேணும்" என்று கேட்டுப் பாருங்கள். ஆசாரி பழைய டிசைன் புத்தகத்தை எடுத்துப் போடுவார். ஜெர்மனியிலும் ஒரு காலத்தில் இதே கதைதான். அங்கே ஒரு வாத்தியார் புத்தகத்தை விட்டு விட்டு, சாலை ஓரத்துக் களைச்செடியைப் பிடுங்கி வந்து மாணவர்கள் முன்னால் வைத்தார்!

அவர் பெயர் கார்ல் பிளாஸ்பெல்ட்.

இரும்புப் பட்டறைப் பையன்

1865-ல் ஹார்ஸ் மலைப் பகுதியில் ஒரு கிராமத்தில் பிறந்தவர். மீசை முளைக்கிற வயதில் இரும்பு வார்ப்படச் சாலைக்குத் தொழில் பழகப் போனார். கலைப்பொருட்களை இரும்பில் வார்க்கிற சாலை அது. பிறகு பெர்லினில் கலைத்தொழில் படிப்பு.

1890-ம் ஆண்டு மோரிட்ஸ் மாயரர் என்ற பேராசிரியர் இவரை இத்தாலிக்கு அழைத்துப் போனார். செடி கொடிகளைச் சேகரிப்பதும், அவற்றைப் பார்த்து மாதிரி உருவங்கள் செய்வதும்தான் அங்கே வேலை. உலோகத்திலோ மரத்திலோ கல்லிலோ அலங்கார வேலை செய்கிறவன் செடியிடம் பாடம் கேட்க வேண்டும் என்பது மாயரரின் கட்சி.

அந்தப் பாடத்தையே பெர்லின் கலைத்தொழில் பள்ளியில் பிளாஸ்பெல்ட் 30 வருடத்துக்கு மேல் நடத்தினார்.

வாடிப்போனால் என்ன செய்வது?

அதில் ஒரு தொல்லை. வகுப்பு முடிவதற்குள் செடி தலையைத் தொங்கப் போட்டுவிடும். மொட்டோ கடுகு மாதிரி. கடைசி பெஞ்சுக்காரனுக்கு என்ன தெரியும்?

அதற்காகத்தான் போட்டோ! தானே உருவாக்கிய கேமராவில், கண்ணாடித் தகட்டில் படம் பிடித்தார். பின்னால் வெறும் அட்டை. வேண்டாத இலையைக் கிள்ளி எறிவார். மொட்டு, தண்டு, விதை, இலை நுனி எல்லாம் பல மடங்கு பெரிதாகப் படத்தில் ஏறின. கலர் கிடையாது, கறுப்பு வெள்ளைதான்.

அந்தப் படங்களைப் பார்த்தால் ஆசாமி திகைத்துப் போவான். பூசணிக் கொடியின் சுருள், சூடு குறையுமுன் கொல்லன் முறுக்கிப் போட்ட கம்பியாக நிற்கிறது. பெரணிக் குருத்து, காதுக்கு மாட்டத் தயாரான வளையம். பாறையிடுக்கில் முளைக்கிற ஒரு சின்னச் செடியை மேலிருந்து பார்த்தால், அச்சு அசல் பதக்கம்! தங்கமோ வெள்ளியோ அதில் ஒரு குன்றிமணி கூட இல்லை. காசு கொடுத்து வாங்காத களை.

நம்ம ஊர் மாங்காய் மாலையும் மல்லிகை மொட்டு மாலையும் மரத்திலும் கொடியிலும் இருந்து வந்தவைதானே? ஆனால் இன்றைக்கு எத்தனை பட்டறையில் மாங்காயைப் பார்த்து மாங்காய் செய்கிறார்கள்? அச்சைப் பார்த்து அச்சு எடுப்பதுதான் நடக்கிறது. பிளாஸ்பெல்ட் சண்டை போட்டது இந்தப் பழக்கத்தோடுதான்.

61 வயதில் கண்காட்சி

வகுப்பறையில் கிடந்த படங்கள் கார்ல் நீரெண்டார்ப் என்ற கலைக்கூடக்காரர் கண்ணில் பட்டன. 1926-ல் பெர்லினில் தன் கலைக்கூடத்தில் மாட்டினார். ஆப்பிரிக்கா, நியூகினி நாட்டுச் சிற்பங்களும் கூடவே வைக்கப்பட்டன. மனிதன் கை செய்ததும் மண் செய்ததும் ஒரே கூரையின் கீழ்!

1928-ல் 120 படங்களுடன் புத்தகம் வந்தது. "கலையின் மூல வடிவங்கள்" என்று பெயர். பெயரும் புகழும் கொட்டியது. அப்போது வாத்தியாருக்கு வயது 63. மறு வருடமே இங்கிலீஷ் பதிப்பு. அதே 1929-ல் ஸ்டுட்கார்ட் நகரில் நடந்த பெரிய போட்டோ கண்காட்சியிலும் இந்தச் செடிகள் இடம் பிடித்தன.

இதில்தான் ஒரு வேடிக்கை. படத்தைப் பார்த்து வேலைப்பாடு செய்யட்டும் என்று எடுத்தார் அவர். ஊரோ படத்தையே நகை மாதிரி கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிக்கொண்டது! போட்டோ கலைஞர் என்று அவர் தம்மைச் சொல்லிக்கொண்டதில்லை. பாடம் நடத்த ஒரு சாமான், அவ்வளவுதான் அவர் கணக்கு.

1930-ல் பள்ளி வேலை முடிந்தது. 1932-ல் இரண்டாவது செடிப் புத்தகம் வெளிவந்தது. அதே வருடம் டிசம்பரில் காலமானார்.

படங்கள் இன்று பெர்லின் கலைப் பல்கலைக்கழகத்தில் பத்திரமாக இருக்கின்றன. கூடவே செடியைப் பார்த்து வெண்கலத்தில் வார்த்த மாதிரிகளும் உண்டு. அந்த வெண்கலத்தைப் பற்றி விசாரிப்பவர்கள்தான் குறைவு.