பலூன் மேலே போகும், பெட்டி எங்கே விழும்?

வளைந்த பூமி, அதற்கு மேலே கறுப்பு வானம், கீழே வெண்பஞ்சு மேகங்கள். சாதாரண கமராவொன்றைப் பலூனில் கட்டி எடுத்த இப்படியான காணொளிகள் இப்போது எல்லோரது கைபேசியிலும் சுற்றுகின்றன. "சேர், இத எங்கட ஸ்கூல்லயும் செய்யலாமா?" என்று உயர்தர விஞ்ஞானப் பிரிவு மாணவர்கள் சிலர் அண்மையில் என்னிடம் கேட்டார்கள். செய்யலாம். ஆனால் அந்தக் காணொளிகள் காட்டாத பாதியில்தான் உண்மையான வேலை இருக்கிறது.

முதலில் காட்டுகின்ற பாதியைச் சொல்லிவிடுகிறேன். வானிலை அவதானிப்புக்கு உலகெங்கும் தினமும் பறக்கவிடப்படும் இறப்பர் பலூன்தான் இதுவும். தரையில் ஹீலியம் நிரப்பும்போது அதன் விட்டம் சுமார் 2 மீற்றர். செக்கனுக்கு 5 மீற்றர் வேகத்தில் ஏறினால் ஒன்றரை மணித்தியாலத்துக்குச் சற்று மேற்பட்ட நேரத்தில் 30 கிலோமீற்றரை எட்டும். அங்கே வளியமுக்கம் தரையிலுள்ளதில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு. வெளியமுக்கம் குறையக் குறைய பலூன் விரிந்து, 8 மீற்றர் அளவுக்கு ஊதிப்போய் வெடிக்கும். பிறகு கமராவும் உணரிகளும் உள்ள பெட்டி பரசூட்டில் இறங்கும். 2009இல் அமெரிக்காவின் எம்.ஐ.ரி. மாணவர்கள் சுமார் 150 டொலர் செலவில் இப்படி 28 கிலோமீற்றர் வரை அனுப்பிப் படம் எடுத்தார்கள். இதை 'விண்வெளிக்கு அனுப்பினோம்' என்று பதாகை அடிப்பது மட்டும் வேண்டாம். விண்வெளியின் எல்லையாகப் பொதுவாகக் கொள்ளப்படுவது 100 கிலோமீற்றர். நாம் போவது படைமண்டலத்துக்கு.

குளிர் பற்றி ஒரு விடயம். இலங்கை சூடான நாடு, ஆகவே மேலேயும் குளிர் குறைவாக இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறானது. மத்திய கோட்டுக்கு அண்மையில் காற்று அதிக உயரம் வரை எழுவதால், அது குளிர்ந்துகொண்டே போகும் தூரமும் அதிகம். எமது தலைக்கு மேல் 16, 17 கிலோமீற்றரில் வெப்பநிலை மறை 80 பாகை செல்சியஸ் அளவில் இருக்கும். பிரித்தானியாவுக்கு மேல் இவ்வளவு குளிர் பொதுவாக இல்லை. சாதாரண பற்றரிகள் இதில் செத்துவிடும். லிதியம் பற்றரி வேண்டும். பெட்டிக்கு மீன் வியாபாரிகள் பாவிக்கும் ரெஜிபோம் போதும்.

இனி இறக்கம். 2013 ஜூனில் அமெரிக்க மாணவர்கள் சிலர் கிராண்ட் கேன்யனுக்கு அருகில் பலூன் விட்டார்கள். பெட்டி விழுந்ததும் உள்ளே இருக்கும் தொலைபேசி தன் இருப்பிடத்தை அனுப்பும் என்பது திட்டம். கைபேசி நிறுவனத்தின் வரைபடப்படி அங்கே சிக்னல் இருக்க வேண்டும். ஆனால் எந்தத் தகவலும் வரவில்லை. இரண்டு வருடங்கள் கழித்து, நடைப்பயணம் போன ஒருவர் பெட்டியைக் கண்டெடுத்து, சிம் கார்ட் மூலம் உரியவர்களிடம் சேர்த்தார். கைபேசியை மட்டும் நம்பக்கூடாது என்பதற்கு இதைவிட உதாரணம் தேவையில்லை. தனியான வானொலிச் சமிக்ஞைக் கருவி வேண்டும், அதற்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதியையும் கேட்க வேண்டும். ஜீ.பி.எஸ். கருவி வாங்கும்போதும் கவனம்: சில வகைகள் 18 கிலோமீற்றருக்கு மேல் வேலை செய்வதை நிறுத்திவிடும்.

அவர்களுக்காவது சுற்றிவரப் பாலைவனம். எமக்குச் சுற்றிவரக் கடல். தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் கீழ்மட்டக் காற்று பலூனைக் கிழக்கே தள்ளும். அதே நாளில் 15 கிலோமீற்றர் அளவில் வலுவான கீழைக்காற்று அதைப் பிடித்து மேற்கே இழுக்கும். அதற்கும் மேலே படைமண்டலக் காற்று ஏறத்தாழ ஒரு வருடம் கிழக்கிலிருந்தும், அடுத்த வருடம் மேற்கிலிருந்தும் வீசும். இந்தச் சுழற்சி முடியச் சராசரியாக 28 மாதங்கள். இவற்றைக் கணக்கில் எடுக்காமல் காத்தான்குடியிலோ பேருவளையிலோ பாடசாலை மைதானத்திலிருந்து விட்டால், படங்களை மீன்களிடம்தான் கேட்க வேண்டிவரும். எமது பெரிய பாடசாலைகள் பல கரையோரத்தில் இருப்பதால், அநுராதபுரம், குருநாகல் மாவட்டப் பாடசாலைகளோடு சேர்ந்து உள்நாட்டிலிருந்து விடுவதே நல்லது.

அனுமதி என்றதும் பலர் சலித்துக்கொள்வார்கள். சர்வதேச விதிகளில் 4 கிலோவுக்குக் குறைந்த சுமையுள்ள பலூன் பொதுவாக 'இலகு' வகை. ஆனால் 2025 ஒக்டோபரில் அமெரிக்காவில், சுமார் 11 கிலோமீற்றர் உயரத்தில் பறந்த பயணிகள் விமானத்தின் முன்கண்ணாடி, ஒரு கிலோவைச் சற்றே தாண்டிய வானிலைப் பலூனொன்று மோதி உடைந்து, சிதறிய கண்ணாடியால் விமானி காயமடைந்தார். ஆகவே சிவில் விமான சேவைகள் அதிகார சபைக்கு எழுதுவதுதான் முதல் வேலை, கடைசி வேலை அல்ல.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். 2016 பெப்ரவரியில் கூகுளின் 'லூன்' பலூன் கம்பளையில் தேயிலைத் தோட்டத்தில் இறங்கியபோது, அது விழுந்து நொருங்கியதாகச் செய்தி பரவியது. திட்டமிட்டே இறக்கியதாக அதிகாரிகள் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. கூகுளுக்கே அந்த நிலை. வயர்களும் பற்றரியும் அன்டெனாவும் உள்ள பெட்டியொன்று யாரோ ஒருவரின் வயலில் விழுந்து, அதில் முஸ்லிம் பாடசாலையொன்றின் பெயர் மட்டும் இருந்தால், 2019க்குப் பிறகு அது எப்படிப் பார்க்கப்படும் என்பதை நான் விளக்கத் தேவையில்லை. பயந்து ஒதுங்கச் சொல்லவில்லை. பெட்டியின் எல்லாப் பக்கத்திலும் சிங்களத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் 'பாடசாலை வானிலைப் பரிசோதனை, ஆபத்தற்றது' என்று எழுதி, அதிபரின் தொலைபேசி இலக்கத்தையும் அனுமதி இலக்கத்தையும் ஒட்டுங்கள். பாதை செல்லும் பகுதிகளின் பொலிஸ் நிலையங்களுக்கு முன்கூட்டியே கடிதம் கொடுங்கள். அயலிலுள்ள சிங்களப் பாடசாலையொன்றையும் திட்டத்தில் சேர்த்துக்கொண்டால் இன்னும் நல்லது, வேலையும் பாதியாகும்.

பணம் சேர்க்க பழைய மாணவர் சங்கத்திடம் ஓடுவதற்கு முன்னர், செலவில்லாமல் செய்யக்கூடிய ஒன்று உண்டு. 'சொண்டே ஹப்' என்ற இணையக் கருவியில் பலூன் விடும் இடம், நேரம், ஏறும் வேகம், வெடிக்கும் உயரம் ஆகியவற்றைக் கொடுத்தால், அன்றைய காற்று எதிர்வுகூறலை வைத்துப் பெட்டி விழும் இடத்தைக் காட்டும். மாணவர்கள் இதை ஒவ்வொரு நாளும் காலையில் செய்து, விழும் புள்ளியை இலங்கை வரைபடத்தில் குறித்து வரட்டும். இரண்டு தவணைகள் போதும். எந்த மாதத்தில் புள்ளிகள் வயலில் விழுகின்றன, எந்த மாதத்தில் கடலில் விழுகின்றன என்பது வகுப்பறைச் சுவரிலேயே தெரியும்.