அட்டவணை உறவும் ஆசிரியர் பெயரறியா நூலும்

தமிழில் இசுலாமியர் இயற்றிய இலக்கியங்களுள் இன்று அறியப்படுவனவற்றில் மிகத் தொன்மையானது பல்சந்தமாலை என்பர் ஆய்வாளர். களவியற் காரிகையின் உரையில் மேற்கோளாக வந்த எட்டுப் பாடல்களே அந்நூலில் எஞ்சியவை. இயற்றியவர் பெயர் தெரியவில்லை. கணினி நூற்பட்டியலில் இந்நூலை முறையாகப் பதிந்து வைத்த பின்னரும், வினவும் முறை பிழைத்தால் அது விடையில் தோன்றாது மறையும். அஃது எவ்வாறு நிகழ்கின்றது, தவிர்க்கும் வழி யாது என்பனவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

உறவுமுறைத் தரவுத்தளம்

செய்திகளைத் தனித்தனி அட்டவணைகளாகப் பகுத்து, பொதுவான மதிப்புகளால் அவற்றை உறவுபடுத்தலாம் என்னும் கோட்பாட்டை ஐ.பி.எம். நிறுவன ஆய்வாளர் எட்கர் காட் 1970இல் வெளியிட்டார். அதனைப் பின்பற்றிச் சேம்பர்லின், பாய்சு ஆகிய இருவரும் 1974இல் அறிமுகப்படுத்திய வினவல் மொழியே இன்று எஸ்.கியூ.எல். என வழங்குகின்றது.

எல்லாவற்றையும் ஒரே அட்டவணையில் எழுதினால் என்ன என்று வினவலாம். சீறாப்புராணத்திற்கு ஒரு முறையும் முதுமொழிமாலைக்கு ஒரு முறையும் உமறுப்புலவர் பெயரை எழுத நேரும். ஓரிடத்தில் 'உமறுப்புலவர்' என்றும் பிறிதோரிடத்தில் இடைவெளி விட்டு 'உமறுப் புலவர்' என்றும் எழுதிவிட்டால், கணினிக்கு அவ்விருவரும் வேறு வேறு ஆவர். ஆதலின் புலவர் பெயரைப் புலவர் அட்டவணையில் ஒரே முறை எழுதி எண் கொடுக்கின்றோம். நூல் அட்டவணையில் அவ்வெண்ணை மட்டும் குறிக்கின்றோம்.

இணைக்கும் முறை

உமறுப்புலவர், ஆலிப் புலவர் என இருவர் புலவர் அட்டவணையில் உள்ளனர் எனக் கொள்வோம். நூல் அட்டவணையில் சீறாப்புராணம், முதுமொழிமாலை, மிகுராசு மாலை, பல்சந்தமாலை என நான்கு நூல்கள் உள்ளன. முதல் இரண்டும் உமறுப்புலவருடையவை. மூன்றாவது ஆலிப் புலவருடையது. நான்காவதன் புலவர் எண் வெற்றிடம்.

'ஜாயின்' என்னும் கட்டளை இவ்விரு அட்டவணைகளையும் இணைக்கின்றது. எவ்வெண் எவ்வெண்ணோடு பொருந்த வேண்டும் என்பதை 'ஆன்' என்னும் சொல்லை அடுத்துக் கூறுதல் வேண்டும். அந்நிபந்தனை இன்றி இணைத்தால் ஒவ்வொரு நூலும் ஒவ்வொரு புலவரோடும் சேர்ந்து எட்டு வரிகள் தோன்றும். மிகுராசு மாலையும் உமறுப்புலவர் பெயரில் நிற்கும்.

நிபந்தனையோடு இணைத்தால் மூன்று வரிகளே கிடைக்கும். வெற்றிடம் எம்மதிப்போடும் பொருந்தாதாகலின் பல்சந்தமாலை விடுபடுகின்றது. கணினி பிழை எதனையும் சுட்டுவதில்லை. இதனை 'இன்னர் ஜாயின்' என்பர். 'லெஃப்ட் ஜாயின்' என எழுதி, நூல் அட்டவணையை இடப்புறம் வைத்தால் நான்கு நூல்களும் வரும். பல்சந்தமாலைக்கு நேரே புலவர் பெயர் மட்டும் வெறுமையாக இருக்கும்.

மூன்றாம் அட்டவணை

நூலகத்தில் உள்ள படிகளுக்கு மூன்றாவது அட்டவணை ஒன்றைச் சேர்ப்போம். சீறாப்புராணம் மூன்று படிகள் இருப்பின் அது மூன்று வரிகளில் வரும். அவ்வரிகளை எண்ணி நூல்களின் தொகை என்று உரைத்தல் பிழை. 'டிஸ்டிங்க்ட்' என்னும் சொல்லால் நூல் எண்களை வேறுபடுத்தி எண்ண வேண்டும்.

மற்றொரு நுட்பமும் உண்டு. 'நல்ல நிலையில் உள்ள படி' என்னும் நிபந்தனையை 'வேர்' பகுதியில் இட்டால், படியே இல்லாத நூல்கள் மீண்டும் நீங்கிவிடும். அதனை 'ஆன்' பகுதியில் இட்டால் அவை நிலைபெறும்.

எனவே, இணைக்குமுன் நூல் அட்டவணையின் வரிகளை எண்ணுக; இணைத்தபின் விடையில் உள்ள நூல்களை எண்ணி ஒப்பிடுக. இரண்டும் வேறுபடின் காரணம் காணாது பட்டியலை அச்சிற்கு அனுப்பலாகாது. ஆசிரியர் பெயரை நாம் அறியாதது நூலின் குற்றமன்று. எட்டுப் பாடல்களேனும் நம் கைக்கு வந்து சேர்ந்த ஒரு நூலை, ஒரு சொல்லின் பிழையால் நாமே இழந்துவிடுதல் தகாது.