மோட்டார் காருக்குச் சுத்தமான டீசல்

உழவுக்கு டிராக்டரும், இறைப்புக்கு ஆயில் என்ஜினும், போக்குவரவுக்கு டீசல் காரும் வைத்திருக்கும் குடியானவர்கள் இக்காலத்தில் பலராவர். இவர்களிற் சிலர் மூன்றுக்கும் வீட்டிலுள்ள ஒரே பீப்பாயிலிருந்து எண்ணெய் எடுத்து ஊற்றுகின்றனர். பழைய ஆயில் என்ஜின் இதைப் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும். புதிய கார் பொறுப்பதில்லை. அதன் காரணத்தை விவசாயிகள் அறிந்துகொள்ளுதல் நலம்.

பூமியிலிருந்து எடுக்கப்படும் கச்சா எண்ணெயில் கந்தகம் இயற்கையாகவே கலந்துள்ளது. டீசலில் அது மிகுந்திருந்தால், எரியும்போது கந்தக வாயுவாக மாறி, ஈரத்துடன் சேர்ந்து அமிலமாகி உலோகத்தை அரிக்கும். ஒரு பகுதி நுண்துகளாகிப் புகையுடன் வெளியேறும். டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்க வல்லது என்று உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சார்ந்த ஆராய்ச்சி நிலையம் 2012-ஆம் வருஷத்தில் அறிவித்தது.

ஆகவே நம் தேசத்தில் இக்கந்தகத்தின் அளவு படிப்படியாகக் குறைக்கப்பட்டது. 2000-ஆம் வருஷத்தில் பத்து லட்சம் பங்கு டீசலில் 2,500 பங்கு வரை கந்தகம் அனுமதிக்கப்பட்டிருந்தது. தேசமெங்கும் 2017 ஏப்ரல் முதல் இது 50 பங்காயிற்று. 2020 ஏப்ரல் முதல் 10 பங்காயிற்று. இதுவே பாரத் ஸ்டேஜ் 6 எனப்படும் டீசல். பங்கிலிருந்து வரும் எண்ணெய் சுத்தமாகவே வருகிறது. பிறகு அது அசுத்தமாவது பெரும்பாலும் நமது பீப்பாயிலும் கேனிலுமேயாகும்.

இவ்வெண்ணெய்க்கென அமைந்த கார்களின் புகைக் குழாயில் கரித்துகளைப் பிடித்து வைக்கும் வடிகட்டி ஒன்று உண்டு. சேர்ந்த கரியை ஏறக்குறைய 600 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணத்தில் கார் தானே எரித்துத் துப்புரவு செய்துகொள்ளும். கந்தகம் மிகுந்தால் புகையைச் சுத்தப்படுத்தும் ரசாயனப் பூச்சு திறன் இழக்கும். வடிகட்டியும் விரைவில் அடைபடும். அதை மாற்றும் செலவு பல்லாயிரம் ரூபாயாகும்; ஒரு போகத்தின் லாபத்தையே அது விழுங்கிவிடக் கூடும்.

மண்ணெண்ணெய் கலப்பதால் விளையும் தீமையை ஒரு கணக்கால் உணரலாம். மண்ணெண்ணெய்க்குரிய இந்தியத் தர நிர்ணயம் நூற்றுக்கு 0.25 பங்கு வரை கந்தகத்தை அனுமதித்து வந்துள்ளது. அது பத்து லட்சத்துக்கு 2,500 பங்காகும். அவ்வளவு கந்தகமுள்ள மண்ணெண்ணெய் ஒரு லிட்டரை 250 லிட்டர் சுத்தமான டீசலில் சேர்த்தால், மொத்தக் கந்தகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். மேலும் மண்ணெண்ணெய்க்கு வழவழப்பு குறைவாதலால் பம்பும் இன்ஜெக்டரும் தேய்வுறும். இக்கலப்படம் சட்டப்படி குற்றமுமாகும்.

தண்ணீரும் கொடிய பகையே. பாதி காலியான பீப்பாயில் இரவுக் குளிர்ச்சியால் ஈரம் படிந்து நீராகி அடியில் தங்கும். நீரும் எண்ணெயும் சந்திக்குமிடத்தில் நுண்கிருமிகள் வளர்ந்து பாசி போன்ற வழும்பு உண்டாகும். இவ்வழும்பும் துருவும் இன்ஜெக்டரின் நுண்துளைகளை அடைத்துவிடும்.

அனுசரிக்க வேண்டிய முறைகளாவன:

1. காருக்கு வேண்டிய டீசலைப் பங்கிலேயே நேராக நிரப்புக.

2. டிராக்டருக்குச் சேமிக்கும் டீசலை மூடியுள்ள சுத்தமான பாத்திரத்தில், நிழலில், கூடியவரை நிறைத்து வைக்க. துத்தநாகம் பூசிய பாத்திரம் ஆகாது. அடியிலுள்ள எண்ணெயைக் கலக்காமல் விட்டுவிடுக.

3. காரின் டீசல் வடிகட்டியில் தேங்கும் நீரைக் குறித்த காலத்தில் வடித்துவிடுக. நீர் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் தாமதிக்க வேண்டாம்.

4. வழவழப்புக்கென்று விளக்கெண்ணெயோ என்ஜின் ஆயிலோ டீசலில் சேர்க்க வேண்டாம். கந்தகம் நீக்குகையில் குறையும் வழவழப்பைச் சுத்திகரிப்பு ஆலையிலேயே ஈடு செய்துவிடுகின்றனர்.

5. கைப்புத்தகத்தில் குறித்துள்ள சாம்பல் குறைந்த என்ஜின் ஆயிலையே காருக்கு இடுக. டிராக்டர் ஆயில் பொருந்தாது.

6. வீட்டுக்கும் வயலுக்கும் மட்டுமே ஓடும் கார், கரியை எரிக்கப் போதிய சூடு பெறாது. இடையிடையே நெடுஞ்சாலையில் இருபது நிமிஷ நேரம் சீராக ஓட்டுக.

விதையைக் கலப்பின்றிக் காப்பதில் நம் விவசாயிகள் காட்டும் ஜாக்கிரதையை எண்ணெயிலும் காட்டுவார்களாயின், வண்டியும் நீடித்து உழைக்கும். வீட்டு வாசலில் விளையாடும் குழந்தைகளின் சுவாசத்திலும் நஞ்சு குறையும்.