கல்வி மெய்யியலும் கற்பித்தலும்: வெலிமடைத் தோட்டப் பாடசாலைகளை முன்வைத்து ஒரு நோக்கு

கல்வி மெய்யியல் என்றதும் பிளேட்டோவின் 'குடியரசு', ரூசோவின் 'எமீல்', ஜோன் டூயியின் 'சனநாயகமும் கல்வியும்' ஆகிய நூல்களே ஆசிரிய பயிற்சி பெற்றோரின் நினைவுக்கு வருகின்றன. பரீட்சைக்காகப் படிக்கப்பெற்று, பரீட்சையோடு கைவிடப்பெறும் ஒரு பகுதியாகவே அது பெரும்பாலும் கருதப்படுகின்றது. ஆயினும் ஒரு மெய்யியல் நூலையும் கையிலெடுக்காத ஆசிரியரும் ஏதோவொரு மெய்யியலின்படியே கற்பிக்கின்றார். பிள்ளைகளை எவ்வாறு அமர்த்துகின்றார், எவரை நோக்கி வினாத் தொடுக்கின்றார், எந்தச் சொல்லைப் பிழையென்று திருத்துகின்றார் என்பவற்றுளெல்லாம், 'இப்பிள்ளை நாளை யாராக வாழப்போகின்றது' என்ற முன்முடிபொன்று மறைந்து நிற்கின்றது. அம்முன்முடிபே கற்பித்தலை ஆள்கின்றது என்பதையும், அது மாறாதவிடத்துக் கற்பித்தல் முறைகள் பெயரளவிலேயே மாறும் என்பதையும், ஊவா மாகாணத்தின் வெலிமடைப் பகுதித் தோட்டப் பாடசாலைகளை முன்வைத்து நோக்குவோம்.

சட்டம் வகுத்த மெய்யியல்

தோட்டப் பிள்ளைகளின் கல்வி பற்றிய முதற் சட்டக் கடப்பாடு 1907ஆம் ஆண்டின் கிராமியப் பாடசாலைகள் கட்டளைச் சட்டத்தோடு தொடங்குகின்றது. தொழிலாளரின் ஆறு முதல் பத்து வயது வரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி வழங்குவது தோட்டத்துரையின் பொறுப்பு என அது விதித்தது. 1920ஆம் ஆண்டின் சட்டம் அக்கடப்பாட்டை வலுப்படுத்தியதோடு, பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளைக் காலை பத்து மணிக்கு முன் வேலைக்கமர்த்தலாகாது எனவும் தடுத்தது. இவ்விதி பிள்ளைகளுக்குக் காப்பாக அமைந்தது உண்மையே. ஆனால் அதன் மறுபக்கத்தையும் நாம் நோக்குதல் வேண்டும். பத்து மணிக்குப் பின்னர் அப்பிள்ளை மலைக்குரியது என்பதை அது ஏற்றுக்கொண்டது. ஒரு பிள்ளையின் பகற்பொழுதைப் பள்ளிக்கும் மலைக்குமாகக் கூறுபோட்ட அந்த விதியே, அக்காலக் காலனித்துவ அரசின் கல்வி மெய்யியல் எனலாம்.

இதற்கேற்பவே கற்பித்தலும் அமைந்தது. ஒரே அறை, ஒரே ஆசிரியர், பல வகுப்புகள். உரத்துப் படித்தல், பார்த்தெழுதல், வாய்ப்பாடு ஒப்புவித்தல் என்பனவே முறைகள். இம்முறைக்கு நீண்டதொரு வரலாறுண்டு. தமிழகத்துத் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை இளையோருக்குச் சொல்லிக்கொடுப்பது வழக்கம். அத்தகைய முறையைச் சென்னையில் ஆதரவற்ற சிறுவர் பள்ளியொன்றில் கையாண்ட அண்ட்ரூ பெல் என்பார், 1797இல் அதனை நூலாக வெளியிட்டார். 'சென்னை முறை' எனப் பெயர்பெற்று அது இங்கிலாந்தில் வறியோர் பள்ளிகளிற் பரவியது. குறைந்த செலவில் நிறைந்த ஒழுங்கு என்பதே அதன் கவர்ச்சி. வறியவர்க்கு எழுத்தறிவும் பணிவும் போதும் என்ற எண்ணம் எங்கு நிலவியதோ, அங்கெல்லாம் இம்முறை வேரூன்றியது.

1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி, இலங்கையின் கிராமப் பிள்ளைகள் பலருக்குப் பல்கலைக்கழகம் வரை வழி திறந்தது. தோட்டப் பாடசாலைகளோ அதன் வாயிலிலேயே நின்றன. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 1960, 61ஆம் ஆண்டுகளில் உதவிபெறும் பாடசாலைகள் அரசமயமாக்கப்பட்டபோதும் தோட்டப் பாடசாலைகள் விடுபட்டன. 1970களில் நிலச்சீர்திருத்தத்தால் பெருந்தோட்டங்கள் அரசுடைமையான பின்னரே, 1977 தொடக்கம் அவை பெருந்தொகையாக அரசாங்கப் பாடசாலைகளாயின. 1980களின் நடுப்பகுதியிலிருந்து சுவீடனின் உதவியோடு கட்டடங்களும் ஆசிரியர் பயிற்சியும் கிடைத்தன. ஒரு நாட்டின் கல்வி மெய்யியல் 'அனைவர்க்கும்' என்று பேசும்போது, அச்சொல்லுள் யார் அடங்குவர் என்பதை அரசியலே தீர்மானித்தது.

எவருடைய வாழ்க்கையோடு இயைந்த கல்வி?

ஏட்டுக் கல்வியை மறுத்து எழுந்த சிந்தனைகளுள் தலையாயது, கல்வி வாழ்க்கையோடு இயைதல் வேண்டும் என்பதாகும். 1927இல் பதுளைக்கும் வந்து சென்ற காந்தியடிகள், பத்தாண்டுகளின் பின் 1937இல் வார்தாவில் கைத்தொழிலை நடுவாகக் கொண்ட ஆதாரக் கல்வியை முன்வைத்தார். 1930களில் கண்டிக்கண்மையிலுள்ள ஹந்தெஸ்ஸவில் உருவான கிராமியக் கல்வித் திட்டம், கிராம வாழ்வையும் வேளாண்மையையும் பாடங்களோடு பிணைத்தது. 1972ஆம் ஆண்டின் கல்விச் சீர்திருத்தம் ஆறாந் தரம் முதல் ஒன்பதாந் தரம் வரை தொழில் முன்னிலைப் பாடங்களைப் புகுத்தி, பிரதேசத் தொழில்களை வகுப்பறைக்குட் கொணர முயன்றது. தோட்டப் பாடசாலைகளுட் பல ஆரம்ப வகுப்புகளோடு நின்றுவிட்டமையால், அம்முயற்சியும் அவற்றை அதிகம் எட்டவில்லை.

இக்கொள்கையை வெலிமடைக்குக் கொணரும்போது ஓர் இடர் எழுகின்றது. உமா ஓயா பாயும் இப்பிரதேசத்திலே தேயிலைத் தோட்டங்களும், நெல்வயற் படிக்கட்டுகளும், உருளைக்கிழங்கும் போஞ்சியும் கோவாவும் விளையும் மரக்கறித் தோட்டங்களும் அருகருகே கிடக்கின்றன. தன் குடும்பத்துக்கு உரிய நிலமுள்ள கிராமப் பிள்ளைக்கு வேளாண்மைப் பாடம் தன் நிலத்தைப் பற்றிய அறிவு. லயக் காம்பராவே தமக்குச் சொந்தமில்லாத பெற்றோரின் பிள்ளைக்கு அதே பாடம் பிறர் நிலத்தில் உழைப்பதற்கான பயிற்சியாக முடியலாம். வாழ்க்கையோடு இயைந்த கல்வி என்பது, அவ்வாழ்க்கை நீதியானதா என வினவாதவிடத்துப் பிறப்பால் வந்த தொழிலையே விதியாக்கிவிடும். 'மலையைப் படிப்பதற்கா பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினோம்?' என்று பெற்றோர் கேட்பாராயின், அது அறியாமையாற் கேட்கும் கேள்வியன்று. அனுபவம் தந்த கேள்வியாகும்.

இவ்விடரை அமெரிக்காவில் டூயியும் எதிர்கொண்டார். தொழிற்சாலைகளின் தேவைக்கேற்பத் தொழிலாளரின் பிள்ளைகளுக்குத் தனித் தொழிற்கல்வி வேண்டுமென டேவிட் ஸ்நெடன் வாதித்தபோது, 1915இல் டூயி அதனை வன்மையாக மறுத்தார். நிலவும் தொழிலமைப்புக்குப் பிள்ளையைப் பொருத்துவதன்று, அவ்வமைப்பை விளங்கி மாற்றவல்ல அறிவைப் பிள்ளைக்கு அளிப்பதே தொழிலினூடான கல்வி என்பது அவர் கருத்தின் சாரம். பிரேசிலின் பாவுலோ பிரேயர் இதனை மேலும் கூர்மையாக்கினார். 1963இல் ஆங்கிகோஸ் என்னும் ஊரில் அவர் முதியோருக்கு எழுத்தறிவித்தபோது, கற்போரின் உழைப்பிலிருந்தும் அன்றாட வாழ்விலிருந்தும் எடுத்த சொற்களே முதற்பாடமாயின. சொல்லை வாசிப்பதும் தம் உலகை வாசிப்பதும் ஒருங்கே நிகழ்ந்தன. மறு ஆண்டு ஆட்சியைக் கைப்பற்றிய இராணுவம் அவரைச் சிறையிலடைத்ததும், பின் அவர் நாடு நீங்கியதும், இத்தகைய கற்பித்தலின் வலிமைக்குச் சான்று பகர்கின்றன.

வகுப்பறையில் இதன் பொருள்

தோட்டத்துப் பேச்சில் 'பேர்' என்பது ஒரு நாள் வேலைக்குரிய கணக்கு. குறித்த அளவு கொழுந்து நிறையாதபோது 'அரைப்பேர்' விழும். வீட்டில் நாள்தோறும் ஒலிக்கும் இச்சொற்கள் பாடப்புத்தகத்தில் இல்லை. வகுப்பறையிற் கொச்சை எனத் தள்ளப்படுவதுமுண்டு. ஆசிரியர் இவற்றையே பாடமாக்கலாம். எடுத்துக்காட்டாக, தாய் பறித்த கொழுந்து 18 கிலோ. ஈரத்துக்கும் சாக்குக்குமாகக் கழிக்கப்பட்டது 2 கிலோ எனக் கொள்வோம். முதல் வகுப்புப் பிள்ளை கழித்துப் பார்க்கும். நான்காம் வகுப்புப் பிள்ளை ஒன்பதில் ஒரு பங்கு எனப் பின்னத்தில் எழுதும். மேல்வகுப்புப் பிள்ளை அக்கழிவு மழைநாளிலும் வெயில்நாளிலும் ஒரே அளவாயிருப்பது முறையா எனக் கேட்கும். பல வகுப்புகளை ஒருங்கே நடத்தும் ஆசிரியருக்கு ஒரே பொருள் பல படிகளிற் பயன்படுகின்றது. அடக்கி வைக்கப் பயன்பட்ட ஓரறைப் பள்ளியே ஆராயும் களமாகின்றது.

அறிவியலும் இவ்வாறே. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவுகளில் மழையைப் பொழிந்துவிட்டு, மலைமுகட்டைக் கடந்து ஊவாவுக்கு வறண்ட காற்றாக இறங்குகின்றது. ஜூலை முதல் செப்டெம்பர் வரையான அவ்வறட்சியில் தளிரின் வளர்ச்சி தளர்ந்து மணம் செறிகின்றது. ஊவாத் தேயிலை உலகச் சந்தையிற் பெற்ற புகழுக்கு இதுவே காரணம். இக்காற்றிலிருந்து தொடங்கி ஆவியாதல், ஒடுக்கம், தாவர உடற்றொழில், ஏற்றுமதி விலை வரை ஒரு பாடத்தைக் கொண்டு செல்லலாம். அம்மணத்தின் விலையில் பறித்த கைக்கு வந்து சேர்வது எவ்வளவு என்ற வினாவும் அப்பாடத்துள் இயல்பாகவே எழும்.

இத்தகைய பாடங்கள் கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் ஆகியவற்றுக்கு மாற்றாகா. அவற்றுக்குள் நுழையும் வாயில்களே ஆகும். பாடத்தை அளக்கும் கோல் ஒன்றே: இதைக் கற்றபின் இப்பிள்ளைமுன் திறந்த வழிகள் கூடினவா, குறைந்தனவா? மலையைக் கற்ற பிள்ளை மலையிலேயே நிற்கவேண்டியதில்லை. அதை விட்டு வெளியேறும் பிள்ளையும் தன் தாயின் உழைப்பை இழிவாக எண்ண வேண்டியதில்லை.

இன்றைய நிலையில் முறைகளுக்குப் பஞ்சமில்லை. 1999இல் ஆரம்ப வகுப்புகளுக்கு விளையாட்டும் செயற்பாடும் வந்தன. 2007இல் தேர்ச்சி மையக் கலைத்திட்டம் வந்தது. எனினும் உயர்தரத்தில் விஞ்ஞானமும் கணிதமும் கற்கத் தோட்டப் பிள்ளைகள் நெடுந்தூரம் செல்ல நேர்கின்றது. புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கும்போது, செயற்பாடுகள் மடிக்கப்பட்டுப் பழைய ஒப்புவித்தல் திரும்பிவிடுகின்றது. ஒரு சிலரே தேறுவர் என்ற முன்முடிபு ஆசிரியர் மனத்திலும் கல்வி நிருவாகத்திலும் நீடிக்கும் வரை, புதிய முறையும் பழைய பணியையே செய்யும்.

ஆதலின், ஆசிரிய கலாசாலைகளில் கல்வி மெய்யியல் பெயர்களும் ஆண்டுகளுமாக மனனம் செய்யப்படும் வழக்கம் மாறுதல் வேண்டும். பயிற்சி ஆசிரியர் ஒவ்வொருவரும் தாம் எழுதும் பாடக்குறிப்பின் தலைப்பிலே, 'இப்பிள்ளை யாராக வாழும் என எண்ணி இதைக் கற்பிக்கின்றேன்' என்ற வினாவுக்கு ஒருவரி விடை எழுதட்டும். பல்கலைக்கழகத்தினராகிய நாமும், தோட்டப் பாடசாலைகளைப் புள்ளிவிவரத்துக்குரிய பின்தங்கிய களமாக நோக்குவதை விடுத்து, அங்கு பணியாற்றும் ஆசிரியரோடு இணைந்து இத்தகைய பாடங்களை ஆக்க முன்வருதல் வேண்டும். பத்து மணிக்குப் பின் பிள்ளை மலைக்குரியது என்ற விதி ஏட்டிலிருந்து நீங்கிவிட்டது. கற்பிப்போரின் எண்ணத்திலிருந்தும் அது நீங்கும் நாளிலேதான் தோட்டப் பாடசாலை உண்மையிற் பாடசாலையாகும்.