இளைத்த எலியும் உலர்ந்த மேனியும்

சமையலறையில் சுண்டெலி ஓடினால் உடனே துடைப்பத்தைத் தேடுவீர்கள், இல்லையா சகோதரிகளே? ஆனால் அந்த அற்பப் பிராணி, நம் மேனியைப் பற்றி நமக்கே தெரியாத சில சங்கதிகளைச் சொல்லித் தந்திருக்கிறது.

'அஸீபியா' என்று ஒரு வகைச் சுண்டெலி. 1965-ஆம் ஆண்டில் விஞ்ஞானிகள் அதைப் பற்றி எழுதினார்கள். தோலில் எண்ணெய்ப் பசையைச் சுரக்கும் சுரப்பிகள் அதற்குச் சரியாக வளர்வதில்லை. தோல் வறண்டு செதில் செதிலாகிவிடும். ரோமமும் உதிரும். பசை இல்லாததால் ரோமத்தைச் சுற்றியுள்ள உறை விலகாமல் ஒட்டிக்கொள்கிறது. நாளடைவில் வேரே அழிந்து போகிறது.

காரணம் 1999-இல்தான் அகப்பட்டது. எஸ்.ஸி.டி.1 என்ற ஒரே ஒரு ஜீனில் கோளாறு! அதன் வேலை என்ன தெரியுமா? மார்கழிக் குளிரில் நெய் உறைந்துவிடுகிறது. கடலை எண்ணெய் உறைவதில்லை. நெய்யைப் போல் கெட்டிப்படும் கொழுப்பை, எண்ணெய்போல் இளகிய கொழுப்பாக உடலுக்குள் மாற்றித் தருவது இந்த ஜீன்தான்.

கதை இத்துடன் முடியவில்லை. 2002-இல் அமெரிக்காவின் விஸ்கான்ஸின் சர்வகலாசாலையில், இந்த ஜீன் இல்லாத எலிகளுக்குக் கொழுப்பு மிகுந்த ஆகாரத்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். அவை பருக்கவே இல்லை! "ஆஹா, அந்த ஜீனை அடக்க ஒரு மாத்திரை கிடைக்காதா?" என்றுதானே நினைக்கிறீர்கள்? விஞ்ஞானிகளும் அப்படித்தான் நினைத்தார்கள்.

ஆனால் 2009-இல் உண்மை வெளிப்பட்டது. தோலில் மட்டும் அந்த ஜீனை நீக்கினாலும் எலி பருக்கவில்லை. பசையற்ற தோலால் உடம்பின் உஷ்ணத்தைக் காக்க முடியவில்லை. போன உஷ்ணத்தை ஈடுசெய்ய, தின்ற ஆகாரத்தையெல்லாம் உடல் விறகாக எரித்துத் தீர்த்தது. குளிரில் விட்டால் அந்த எலிகளின் உடம்பு சில்லிட்டு, உயிருக்கே ஆபத்து. மருந்து கொடுத்து அந்த ஜீனின் வேலையை உடல் முழுதும் தடுத்த பிராணிகளுக்கோ தோலும் கண்ணும் உலர்ந்து போயின. ஆகவே, கல்லீரலில் மட்டும் வேலை செய்யும் மருந்தைத் தேடத் தொடங்கினார்கள்.

இன்னொரு நல்ல செய்தியும் உண்டு. 2003-இல் அஸீபியா எலியின் வறண்ட தோலில், சுரப்பியிலுள்ளவை போன்ற கொழுப்புகளைத் தடவிப் பார்த்தார்கள், பயனில்லை. கிளிஸரினைத் தடவினார்கள், தோலில் ஈரம் திரும்பியது! சுரப்பியின் கொழுப்பிலிருந்து பிரியும் கிளிஸரின்தான் தோலின் மேற்பரப்பில் ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. பனிக் காலத்தில் கிளிஸரின் பூசிக்கொண்ட பாட்டிமார்கள் ஜீனைக் கண்டார்களா, என்ன? கைகண்ட பலனைக் கண்டார்கள்!

எலிக்கு நேர்ந்ததெல்லாம் மனிதருக்கும் அப்படியே நேரும் என்று சொல்வதற்கில்லை. ஆயினும் முகத்தில் எண்ணெய் வழிகிறதே என்று நாளைக்குப் பத்துத் தடவை சோப்புப் போட்டுத் தேய்க்கும் பெண்கள் சற்று யோசிக்கட்டும். 'ஒரே மாத்திரையில் இளைக்கலாம்' என்று யாராவது ஆசை காட்டினால், அதற்கு உடம்பு என்ன விலை கொடுக்க வேண்டும் என்று முதலில் கேளுங்கள்.