வேகத்திற்கு ஒன்று, இருப்பிற்கு மற்றொன்று

சென்ற நிதியாண்டின் இறுதியில், ரொக்கக் கடன் வரம்பைப் புதுப்பிக்க வேண்டித் துணி மொத்த வணிகர் ஒருவர் எங்கள் கிளைக்கு வந்தார். ஆண்டுதோறும் ஆவணங்களைக் குறைவின்றிக் கொண்டுவருபவர் அவர். அம்முறை மட்டும் இருப்பு அறிக்கையும், வரவேண்டிய பாக்கிகளின் பட்டியலும் பாதியில் நின்றன. அவருடைய கணக்கர் பயன்படுத்திய கணினியின் ஹார்டு டிஸ்க், அதாவது வன்தட்டு, ஒரு நாள் காலையில் 'டக் டக்' என்று ஓசையிட்டுச் செயலிழந்துவிட்டது. மூன்றாண்டுக் கணக்குகள் அதில் மட்டுமே இருந்தன. வேறெங்கும் படி இல்லை. காகிதப் பட்டியல்களைக் கொண்டு அனைத்தையும் மீண்டும் பதிவு செய்ய ஏழு வாரங்கள் ஆயின. கடன் புதுப்பித்தலும் அதுவரை தள்ளிப்போயிற்று.

பின்னர் அவர் புதிய சேமிப்பகம் வாங்குவதற்கான விலைப்புள்ளி ஒன்றை என்னிடம் காட்டினார். கடைக்காரர் பரிந்துரைத்தது, 2 டெராபைட் கொள்ளளவுள்ள, சந்தையிலேயே மிக வேகமான எஸ்.எஸ்.டி. ஒன்று. நான் வணிகவியல் படித்தவன், பொறியாளன் அல்லன். எனினும் அந்த விலைப்புள்ளியில் ஒரு பெருங்குறை எனக்குத் தென்பட்டது. எண்ணிக்கை ஒன்று! தட்டு எவ்வளவு விரைவானதாயினும், அது ஒன்றே ஒன்றாக இருக்கும் வரை, நடந்தது மீண்டும் நடக்க வாய்ப்புண்டு.

முதலில் வேகத்தைப் பார்ப்போம். வன்தட்டு என்பது காந்தப் பூச்சுள்ள வட்டத் தகடுகள் சுழல, அவற்றின்மீது ஒரு தலை நகர்ந்து படிக்கும் கருவி. 1956இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் வன்தட்டில் 24 அங்குல அகலமுள்ள 50 தகடுகள் இருந்தன. அது கொண்டது 50 லட்சம் எழுத்துகள் மட்டுமே. அளவு சுருங்கிவிட்டது; இயங்கும் முறை பெரிதும் மாறவில்லை. இன்றைய மேசைக் கணினி வன்தட்டு நிமிடத்திற்கு 7200 முறை சுழல்கிறது. ஒரு சுற்றுக்கு நொடியில் ஆயிரத்தில் 8 பங்கு நேரம் ஆகும். வேண்டிய தரவு தலைக்குக் கீழே வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். தலை நகரும் நேரம் வேறு. ஆகவே அங்கங்கே சிதறிக் கிடக்கும் சிறு துண்டுகளை எடுப்பதாயின், நொடிக்கு ஏறத்தாழ நூறு துண்டுகளுக்குமேல் அதனால் எடுக்க இயலாது. விண்டோஸ் தொடங்கும்போதோ ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள் படிக்கப்படுகின்றன. பழைய கணினியை இயக்கிவிட்டு நாம் தேநீர் அருந்தி வருவதன் காரணம் இதுவே.

எஸ்.எஸ்.டி.யில் சுழல்வது எதுவுமில்லை. தரவு மின்னணுச் சில்லுகளில் மின்னேற்றமாக நிற்பதால், அது நொடிக்குப் பல்லாயிரம் சிறு துண்டுகளை எடுத்துத் தருகிறது. இவற்றில் இரு வகைகள் உண்டு. சாட்டா இணைப்புடையவை நொடிக்கு ஏறத்தாழ 550 எம்.பி. வரை படிக்கும். என்.வி.எம்.இ. எனப்படும் வகை, கணினியின் தலைமுறையைப் பொறுத்து, 3500 எம்.பி., 7000 எம்.பி. என்று செல்லும். வன்தட்டோ 100 முதல் 250 எம்.பி. வரைதான்.

இவ்வெண்களைக் கண்டு மயங்கிவிடுதல் கூடாது. அட்டைப் பெட்டியில் அச்சிடப்படும் 7000 என்பது, பெரிய கோப்பு ஒன்றைத் தொடர்ச்சியாகப் படிக்கும்போது கிடைக்கும் உச்ச வேகம். கணக்கு எழுதுதல், மின்னஞ்சல், இணைய வங்கிச் சேவை ஆகிய பணிகளில், வன்தட்டிலிருந்து எந்த எஸ்.எஸ்.டி.க்கு மாறினாலும் மாற்றம் உடனே தெரியும், சாதாரண எஸ்.எஸ்.டி.யிலிருந்து விலையுயர்ந்த எஸ்.எஸ்.டி.க்கு மாறினால் பெரும்பாலோர் அதை உணரவே மாட்டார்கள். காணொளித் தொகுப்பு செய்வோர்க்கு மட்டும் அந்தக் கூடுதல் வேகம் பொருளுள்ளது. வாங்குமுன் தம் கணினியில் எந்த வகை பொருந்தும் என்று பார்த்தல் வேண்டும். எம்.2 என்னும் சிறு பட்டை வடிவில் இவ்விரு வகைகளும் வருகின்றன; பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும்.

எஸ்.எஸ்.டி. விரைவில் தேய்ந்துவிடும் என்ற அச்சம் இன்னும் பலரிடம் இருக்கிறது. 500 ஜி.பி. எஸ்.எஸ்.டி. ஒன்றின் உத்தரவாதத்தில், மொத்தம் 300 டி.பி. வரை எழுதலாம் என்று குறிக்கப்பட்டிருப்பதாகக் கொள்வோம். நாளொன்றுக்கு 20 ஜி.பி. எழுதினாலும் ஆண்டுக்கு 7.3 டி.பி. ஆகிறது, அந்த எல்லையை எட்ட 41 ஆண்டுகள் வேண்டும். அதற்கு முன்பே கணினி பழையதாகிவிடும். உண்மையில் கவலைக்குரியது வேறு. எஸ்.எஸ்.டி. பழுதாகும்போது பெரும்பாலும் முன்னறிவிப்பின்றி நின்றுவிடுகிறது. அதிலிருந்து அழிந்த தரவை மீட்பதும் வன்தட்டைவிடக் கடினம்.

கொள்ளளவுக்கு வருவோம். 1 டி.பி. என்று வாங்கியது கணினியில் 931 ஜி.பி. என்று தோன்றுவதைக் கண்டு, ஏமாற்றப்பட்டதாகக் கருதுவோர் உண்டு. இதில் மோசடி ஏதுமில்லை. உற்பத்தியாளர் ஒரு லட்சம் கோடி பைட்டை 1 டி.பி. என்கிறார், விண்டோஸ் ஆயிரத்திற்குப் பதில் 1024ஆல் வகுத்துக் காட்டுகிறது. மோசடி இருப்பது வேறிடத்தில். சில நூறு ரூபாய்க்கு '2 டி.பி. பென் டிரைவ்' என்று விற்கப்படுபவற்றில், உள்ளே 32 ஜி.பி. அல்லது 64 ஜி.பி. சில்லை வைத்து, பொய்யான அளவைக் காட்டுமாறு மாற்றியிருப்பார்கள். உண்மையான இடம் நிரம்பிய பின்பும் கோப்புகளின் பெயர்கள் பட்டியலில் வந்துகொண்டேயிருக்கும்; திறந்தால் எதுவும் இராது. இதைக் கண்டறிய, முழுக் கொள்ளளவையும் எழுதி மீண்டும் படித்துச் சரிபார்க்கும் இலவச மென்பொருள்கள் உள்ளன. திருப்பியளிக்கும் காலக்கெடு முடிவதற்குள் இச்சோதனையைச் செய்தல் நலம்.

விலை மாதந்தோறும் மாறுவதால், ரூபாயை இங்கே எழுதாமல் முறையை மட்டும் கூறுகிறேன். விலையை ஜி.பி.யால் வகுத்து ஒப்பிடுங்கள். வன்தட்டு எவ்வளவு சிறிதாயினும் மோட்டார், தலை, உறை ஆகியவை வேண்டும். அது நிலையான செலவு. ஆகவே சிறிய வன்தட்டு மலிவன்று; பெரிதாக ஆக ஒரு ஜி.பி.க்கான செலவு குறையும். எஸ்.எஸ்.டி.யில் சில்லுகளே பெரும்பகுதிச் செலவு என்பதால், கொள்ளளவு கூடக் கூட விலையும் ஏறக்குறைய அதே வீதத்தில் ஏறும். எனவே சிறிய அளவில் எஸ்.எஸ்.டி.யும், பெரிய அளவில் வன்தட்டும் ஆதாயமானவை. ஜி.எஸ்.டி. பதிவு பெற்ற வணிகர், காம்போசிஷன் திட்டத்தில் இல்லாதவராயின், தம் பதிவெண்ணுடன் கூடிய பட்டியலைக் கேட்டுப் பெறுக. கடைக்காக வாங்கிய பொருளுக்குச் செலுத்திய வரியை உள்ளீட்டு வரவாகக் கொள்ளலாம்.

அந்த வணிகரின் தேவை என்ன? பல்லாண்டுக் கணக்குத் தரவு சில ஜி.பி.க்குள் அடங்கிற்று. வருடியெடுத்த பட்டியல்களும் ஒப்பந்தங்களும் 200 ஜி.பி.யைத் தாண்டவில்லை. கடையின் கண்காணிப்புக் கேமராப் பதிவுகள் தனியே ஒரு வன்தட்டில் சேர்கின்றன. இடைவிடாது எழுதப்படும் அப்பணிக்கு அதற்கென்றே செய்யப்பட்ட வன்தட்டு போதும். ஆக, கணினிக்குள் 500 ஜி.பி. அளவில் நடுத்தர விலையுள்ள எஸ்.எஸ்.டி. ஒன்று, வெளியே இணைத்துக் கழற்றும் 1 டி.பி. வன்தட்டுகள் இரண்டு. மூன்றின் விலையையும் கூட்டிப் பார்த்தோம். கடைக்காரர் எழுதிக் கொடுத்த தொகைக்குள்ளேயே அடங்கிவிட்டது.

படிகளைச் சில மாதங்கள் வைத்திருந்தால் போதும் என்று எண்ணலாகாது. ஜி.எஸ்.டி. சட்டப்படி, ஆண்டு விவர அறிக்கைக்கான கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளைப் பேணவேண்டும். கம்பெனியாயின், 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டம் எட்டு நிதியாண்டுகள் என்கிறது. நெடுங்காலம் மின்னிணைப்பின்றிக் கிடக்கும் எஸ்.எஸ்.டி. மின்னேற்றத்தை மெல்ல இழக்கக்கூடும் என்பதால், இப்பணிக்கு வன்தட்டே ஏற்றது. அதையும் அவ்வப்போது இணைத்து இயக்கிப் பார்த்தல் வேண்டும். சுழன்றுகொண்டிருக்கும்போது கீழே விழுந்தால் அது பிழைப்பதரிது. வன்தட்டில் ஆதார், பான் படிகளும் இருக்குமாதலால், கடவுச்சொல்லின்றித் திறக்கவியலாதபடி குறியாக்கம் செய்துவிடுக.

வங்கிகள் தம் தரவின் படியைத் தொலைவிலுள்ள மற்றொரு மையத்திலும் வைத்திருக்கின்றன. தீயோ வெள்ளமோ வந்தால் ஒரே அறையில் உள்ள இரு படிகளும் ஒருங்கே போகும் என்பதே காரணம். அந்த வணிகருக்கு எங்கள் கிளையில் பெட்டகம் ஒன்று உண்டு. இரு வன்தட்டுகளுள் ஒன்று இப்போது அதில் இருக்கிறது. மற்றொன்றில் அவருடைய கணக்கர் சனிக்கிழமைதோறும் படியெடுக்கிறார். மாதத்தின் முதல் வாரத்தில் இருப்பு அறிக்கை கொடுக்க வரும்போது, வணிகர் இரண்டையும் இடம் மாற்றி வைத்துச் செல்கிறார்.