வைக்கோல் இழையில் ஒரு வாழ்த்து மடல்

அப்போஸ்தலனாகிய பவுல் தம் நிருபங்களைத் தாம் சொல்லப் பிறர் எழுதும்படி செய்வதுண்டு. ரோமருக்கு அனுப்பிய நிருபத்தைத் தம் கையால் எழுதியவர் தெர்தியு என்று அதன் கடைசி அதிகாரமே கூறுகிறது. ஆயினும் கொரிந்தியருக்கும் கொலோசெயருக்கும் தெசலோனிக்கேயருக்கும் எழுதியபோது, முடிவில் வரும் வாழ்த்துதலை மட்டும் பவுல் பிறர் கையில் விடவில்லை; அதைத் தாமே எழுதினார். உபதேசத்தைச் சொல்லி எழுதுவிக்க முடிந்தவருக்கு, வாழ்த்தை அப்படிச் செய்ய மனம் வரவில்லை போலும்.

திருவனந்தபுரத்தில் வாழும் நம் குடும்பங்களில் இன்று நடப்பது என்ன? பிழைப்பைத் தேடி நாகர்கோவிலிலிருந்தும் வள்ளியூரிலிருந்தும் வந்து, சாலைக் கடைத்தெருவிலும் கரமனையிலும் குடியேறினோம். பிள்ளைகள் மலையாள வழியிலோ ஆங்கில வழியிலோ படிக்கிறார்கள். வீட்டில் தமிழ் பேசுகிறார்கள், சபையில் தமிழில் பாடுகிறார்கள். ஆனால் தமிழில் நான்கு வரி எழுதச் சொன்னால் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறார்கள். ஊரில் இருக்கும் ஆச்சிக்குப் புத்தாண்டு அன்று கைப்பேசியில் ஒரு ரோஜாப்பூப் படம் போகிறது. அதே படம் அதே நிமிடத்தில் வேறு நாற்பது பேருக்கும் போகிறது. ஆச்சிக்கும் அது தெரியும்.

அச்சிட்ட வாழ்த்து அட்டை பிறந்த கதையும் ஏறக்குறைய இதுவே. 1843-ஆம் ஆண்டு லண்டனில் ஹென்றி கோல் என்பவர், தமக்கு வந்து குவிந்த கடிதங்களுக்கெல்லாம் மறுமொழி எழுத நேரமின்றி, ஜான் ஹார்ஸ்லி என்ற ஓவியரைக் கொண்டு ஓர் அட்டை வரைவித்து ஆயிரம் பிரதிகள் அச்சிட்டார். எஞ்சியவை ஒரு ஷில்லிங் விலைக்கு விற்கப்பட்டன. ஓரங்களில் ஏழைகளுக்கு உணவும் உடையும் கொடுக்கும் காட்சிகள் இருந்தன. நடுவிலோ குழந்தை உட்பட ஒரு குடும்பமே திராட்சரசக் கிண்ணங்களை ஏந்தியிருந்தது! மதுவிலக்கை வற்புறுத்திய அக்காலத்துக் கிறிஸ்தவர்கள் அதைக் கண்டித்தார்கள். எழுதும் வேலையை மிச்சப்படுத்தவே அந்த அட்டை தோன்றியது என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

இதற்கு நேர்மாறான ஒரு சரித்திரமும் உண்டு. 1949-இல் வெளிவந்த யுனிசெஃப் நிறுவனத்தின் முதல் வாழ்த்து அட்டையில் இருந்த படம், செக்கோஸ்லோவாக்கியாவின் ருடோல்ஃபோவ் என்ற கிராமத்தைச் சேர்ந்த ஜிட்கா சாம்கோவா என்னும் ஏழு வயதுச் சிறுமி வரைந்தது. உலகப் போருக்குப்பின் தன் கிராமத்துக்குக் கிடைத்த உதவிக்கு நன்றியாக அவள் அதை வரைந்தாள். ஒரு குழந்தையின் கைவேலை எத்தனை தூரம் போயிற்று, பாருங்கள்.

நம் பிள்ளைகளின் கைக்கும் ஒரு வேலை கொடுப்போம். அதற்கு ஏற்ற கலை நாம் குடியிருக்கும் இந்த மாநிலத்திலேயே இருக்கிறது. நெல் வைக்கோலை ஒட்டிச் செய்யும் சித்திரங்கள் கேரளத்தின் கைவினைகளுள் ஒன்று. புத்தன்சந்தையிலுள்ள எஸ்.எம்.எஸ்.எம். கைவினை நிலையம் போன்ற இடங்களுக்குப் பிள்ளைகளை ஒருமுறை அழைத்துச் சென்று, கைவினைஞர்கள் செய்தவற்றை முதலில் காட்டுங்கள். கறுப்புப் பின்னணியில் பொன்னிறமாக ஒளிரும் தென்னையும் படகும் வைக்கோல்தான் என்று அவர்கள் எளிதில் நம்பமாட்டார்கள்.

இதற்கு இயந்திரம் அறுத்த வைக்கோல் உதவாது. அது நசுங்கி உடைந்திருக்கும். கையால் அறுத்த தாள் வேண்டும். நாஞ்சில் நாட்டில் உறவினர் உள்ளவர்கள் அடுத்த அறுவடையின்போது ஒரு பிடி கேட்டு வாங்கி வரலாம். இரண்டு கணுக்களுக்கு இடைப்பட்ட நேரான பகுதிகளை மட்டும் நறுக்கிச் சில மணி நேரம் நீரில் ஊறவையுங்கள். ஊறியபின் ஒவ்வொன்றையும் பிளேடினால் நீளவாக்கில் கீறி விரித்து, உட்புறத்துச் சோற்றை மெல்லச் சுரண்டி எடுக்கவேண்டும். இது பெரியவர்கள் செய்யவேண்டிய வேலை. பிளேடைச் சிறுவர் கையில் கொடுக்கலாகாது. பிறகு மிதமான சூட்டில் இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தால் இழை நாடாவைப்போலத் தட்டையாகும். சற்று நேரம் கூடுதலாகத் தேய்த்தால் தவிட்டு நிறமும், இன்னும் தேய்த்தால் கருஞ்சிவப்பும் வரும். சாயம் வேண்டியதில்லை, இந்த நிறங்களே போதும்.

இழைகளை ஒரு மெல்லிய தாளின்மேல் இடைவெளியின்றி அடுத்தடுத்துப் பசையால் ஒட்டி, ஒரு கனத்த புத்தகத்தின்கீழ் காயவிடுங்கள். காய்ந்தபின் தாளின் பின்புறத்தில் புறாவோ கதிரோ ஒலிவக் கிளையோ வரைந்து கத்தரிக்கோலால் வெட்டினால், வைக்கோல் சிதறாமல் உருவம் கிடைக்கும். பின்புறம் வரைவதால் உருவம் இடவலம் மாறும் என்பதை மறவாதீர்கள். எழுத்துகளை வெட்டுகிறவர்களுக்கு இது முக்கியம். இரண்டாக மடித்த கறுப்பு அட்டையின் முகப்பில் அதை ஒட்டிவிடலாம். முதல் அட்டை கோணலாகத்தான் வரும், வரட்டும்.

உள்ளே வெள்ளைத்தாள் ஒட்டிப் பிள்ளையே தமிழில் எழுதட்டும். இந்த முயற்சியின் நோக்கமே இதுதான். நாம் எழுதிக் கொடுத்ததைப் பார்த்து எழுதச் செய்யாமல், ஆச்சியிடம் என்ன சொல்ல விரும்புகிறாய் என்று கேட்டு, அதையே எழுதச் சொல்லுங்கள். ஒற்றெழுத்து விட்டுப்போனாலும், 'ழ' வரவேண்டிய இடத்தில் 'ள' வந்தாலும் சிவப்பு மையால் திருத்தவேண்டாம். அடுத்த மாதம் எழுதும்போது தானாகத் திருந்தும். புத்தாண்டு ஆராதனையில் வாக்குத்தத்த வசன அட்டை கொடுக்கும் சபைகள் நம்மிடையே பல உண்டு. அச்சகத்தில் வாங்குவதற்குப் பதிலாக, முதியவர்களுக்கு மட்டுமாவது ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் எழுதிய அட்டைகளைக் கொடுத்துப் பார்க்கலாம். கிறிஸ்துமஸ் அனுசரிக்காத சபையாருக்கும் ஞானஸ்நானம், திருமணம், பிள்ளைப் பிரதிஷ்டை என்று வாழ்த்த எத்தனையோ தருணங்கள் இருக்கின்றன.

மருத்துவக் கல்லூரி வளாகத்தை நாம் மறந்துவிடக்கூடாது. 1981 முதல் இயங்கிவரும் மண்டலப் புற்றுநோய் மையத்துக்கும் ஸ்ரீசித்திரைத் திருநாள் மருத்துவ நிலையத்துக்கும் நம் தென்மாவட்டங்களிலிருந்து வருகிறவர்கள் பலர். மலையாள எழுத்துகளின் நடுவே கிடக்கும் அவர்களுக்குத் தமிழ் எழுத்தைக் காண்பதே ஆறுதல். ஆனால் அங்கே வைக்கோல் அட்டை வேண்டாம். எதிர்ப்புச் சக்தி குன்றிய நோயாளிகளுக்குப் பூக்களும் உலர்ந்த செடிப்பொருள்களும் கிருமித்தொற்றை உண்டாக்கக்கூடும். வெறும் காகிதத்தாலேயே ஓர் அட்டை செய்யலாம்: மடிப்புக் கோட்டின்மேல் ஒரு விரலளவு இடைவெளியில் இரண்டு சம வெட்டுகள் வெட்டி, நடுப்பகுதியை உட்புறமாகத் தள்ளினால் ஒரு சிறு படி எழும்பும். அதன்மேல் ஒரு படத்தை ஒட்டினால், அட்டையைத் திறக்கும்போது படம் எழுந்து நிற்கும். பார்வையாளர் நேரத்தில், செவிலியரிடம் கேட்டுக்கொண்டு கொடுங்கள்.

தபாலில் அனுப்புகிறவர்களுக்கு ஒரு சொல். வைக்கோல் சித்திரம் தட்டையானதால் உறையில் அடங்கும். சுருள் காகித வேலை நசுங்கிவிடும். முகப்பின்மேல் ஒரு கனத்த தாள் வைத்து உறையிலிட்டு, தபால் நிலையத்திலேயே எடைபோட்டுத் தபால்தலை ஒட்டுங்கள். இருபது கிராமைத் தாண்டினால் கட்டணம் கூடும். குமரி மாவட்ட அஞ்சல் குறியீட்டு எண் 629 என்றும், திருநெல்வேலிப் பகுதிக்குரியது 627 என்றும், தூத்துக்குடிக்குரியது 628 என்றும் தொடங்கும். முகவரியையும் பிள்ளையே தமிழில் எழுதட்டும். அனுப்புநர் முகவரியை மட்டும், மறுமொழி தவறாமல் வந்துசேரும்படி, நீங்கள் ஆங்கிலத்திலும் எழுதிவிடுங்கள்.